பரணில் தூங்கும் வால்வு ரேடியோவைப் பாட வைக்க 40 குறிப்புகள்

மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், எச்.எம்.வி., நேஷனல் எக்கோ... முகப்பில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி, தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஒன்று பல வீடுகளின் பரணில் இன்னும் இருக்கிறது. எடைக்குப் போடவும் மனம் வராது, என்ன செய்வதென்றும் தெரியாது.

எங்கள் வீட்டு செட்டை ஒரு தீபாவளி விடுமுறையில் கீழே இறக்கினேன். முப்பது வருஷத் தூசியைத் துடைத்த கையோடு பிளக்கைச் சொருகினேன். டயல் விளக்கு எரிந்ததும் வீடே கூடிவிட்டது. அடுத்த நிமிஷம் உறுமல். அதற்கடுத்த நிமிஷம் தார் உருகுகிற வாடையும் புகையும். பவர் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப் போயிருந்தது. அதைக் கருக்கியது, சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கண்டன்சர். அதை முன்பே மாற்றியிருந்தால் அன்றே பாட்டுக் கேட்டிருக்கலாம். அந்த நஷ்டம் உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகவே, அதன் பிறகு பல செட்களைத் திறந்து கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உயிர், பிறகு ரேடியோ

1. பல வருஷம் ஓடாத செட்டுக்கு உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். "பாடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே" என்கிற அந்த ஒரு தடவையில்தான் டிரான்ஸ்ஃபார்மரும் வால்வும் போகின்றன. 25-ஆம் குறிப்பு வரும்வரை பிளக் வெளியிலேயே இருக்கட்டும்.

2. டிரான்சிஸ்டர் ரேடியோவைப் போல இது சின்ன பேட்டரியில் ஓடும் சமாசாரம் அல்ல. உள்ளே சுமார் 250 வோல்ட் டி.சி. ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் உறையிட்ட ஒயரைப் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்டன்சரின் பிளஸ், மைனஸ் முனைகளில் அதைச் சில நொடிகள் வைத்தால் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு மீட்டரால் அளந்து, பூஜ்யம் என்று உறுதி செய்த பின்னரே கை வையுங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து வடிக்கும் பழக்கம் வேண்டாம்.

3. உங்கள் செட் ஏ.சி. செட்டா, ஏ.சி./டி.சி. செட்டா என்று கண்டுபிடியுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. அந்நாளில் பல ஊர்களில் டி.சி. மின்சாரமும் இருந்ததால், இரண்டிலும் ஓடும்படி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்கள் செய்யப்பட்டன. பாகங்கள் பொருத்தியிருக்கும் உலோகத் தகடான சேஸிஸின் மேல் கனமான பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, வால்வுகளின் பெயர் 'ஈ' என்று தொடங்கினால் பெரும்பாலும் ஏ.சி. செட். 'யூ' என்று தொடங்கினால் ஏ.சி./டி.சி. செட்.

4. கண்ணால் பார்த்தது போதாது, மீட்டராலும் சோதியுங்கள். பிளக் வெளியே இருக்க, ரேடியோவின் சுவிட்சை மட்டும் ஆன் செய்து, பிளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் சேஸிஸ் தகட்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். எந்தப் பின்னிலாவது தொடர்பு காட்டினால் அந்தச் சேஸிஸ் வீட்டு மின்சாரத்தோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. சில செட்களில் 'ஈ' வால்வுகள் இருந்தும் இப்படி இருப்பதுண்டு.

5. அப்படிப்பட்ட செட்டில் சேஸிஸைத் தொடுவதும் சுவரிலுள்ள பிளக்கில் விரலை விடுவதும் ஒன்றுதான். வேலை செய்யும்போது 230-க்கு 230 வோல்ட் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அது இல்லையென்றால் கரண்ட் கொடுத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம். இவற்றின் நாப்களில் சிறு திருகு உள்ள துளையை மெழுகால் அடைத்திருப்பார்கள். அழுக்கு என்று சுரண்டி எறியாதீர்கள். விரல் திருகில் பட்டு ஷாக் அடிக்காமல் இருக்க வைத்த காப்பு அது.

6. மின்சாரம் ஓடும் செட்டில் அளக்கும்போது ரப்பர் செருப்பு காலில் இருக்கட்டும். மீட்டரின் மைனஸ் முனையை கிளிப் போட்டு சேஸிஸில் மாட்டிவிட்டு, ஒரே கையால் அளந்து, மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

7. மீட்டரும் சால்டரிங் அயர்னும் பழகாதவர்கள், துடைப்பது, டயல், பெட்டி, ஏரியல் குறிப்புகளை மட்டும் செய்துகொண்டு, மற்றதைப் பழைய மெக்கானிக்கிடம் விடலாம். "வால்வு செட் பார்ப்பீர்களா, மெழுகுக் கண்டன்சர் எல்லாவற்றையும் மாற்றித் தருவீர்களா, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா" என்ற மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திறப்பதும் துடைப்பதும்

8. ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுங்கள். பேக் கவரைக் கழற்றும் முன், கழற்றிய பின், சேஸிஸின் மேல்புறம், அடிப்புறம், டயல் நூல் ஓடும் பாதை. ஒரு மாதம் கழித்து "இந்த ஒயர் எங்கே இருந்தது?" என்று விழிக்கும்போது அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

9. பேக் கவரின் உட்புறத்திலோ பெட்டியின் அடியிலோ வால்வு வரிசை அச்சிட்ட தாளும், சில செட்களில் சர்க்யூட் படமும் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல், நனைக்காமல் படம் எடுத்து வையுங்கள். அந்நாளில் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பித்த ரேடியோ லைசென்ஸ் புத்தகம் வீட்டில் அகப்பட்டால் அதையும் செட்டோடு சேர்த்து வையுங்கள். செட்டின் வயதைச் சொல்லும் ஆதாரம் அது.

10. உலர்ந்த பெயின்ட் பிரஷ், கேமரா துடைக்கும் ரப்பர் பல்ப், மெதுவாக இழுக்கும் வேக்குவம் கிளீனர், இவை போதும். தண்ணீர், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் சேஸிஸில் படக் கூடாது. எலிப் புழுக்கை, குளவிக் கூடு, பல்லி முட்டை எல்லாம் இருக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். சில செட்களில் வால்வின் சூடு மரத்தைத் தாக்காதபடி வெண்சாம்பல் நிறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தாள் ஒட்டியிருப்பார்கள். அதைத் தேய்க்கவோ பிய்க்கவோ வேண்டாம்.

11. நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கேங் கண்டன்சரின் தகடுகளுக்கு நடுவே பிரஷை நுழைக்கும் முன் தகடுகளை முழுவதும் உள்ளே திருப்பிவிடுங்கள். ஒரு தகடு வளைந்து இன்னொன்றில் உரசினாலும் டயலின் அந்தப் பகுதியில் எந்த நிலையமும் கேட்காது.

12. டயல் கண்ணாடியின் எழுத்துகள் பின்பக்கம்தான் அச்சிடப்பட்டிருக்கும். வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைக்கலாம். பின்பக்கத்தில் மென்மையான உலர் பிரஷ் மட்டும். ஸ்பிரிட்டோ சோப்பு நீரோ பட்டால் மெட்ராஸும் கொழும்பும் ஒரே துடைப்பில் அழிந்துவிடும். வால்வின் கண்ணாடியில் உள்ள எண்ணுக்கும் இதே எச்சரிக்கை. எண் அழிந்தால் அது எந்த வால்வென்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

வால்வைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

13. வால்வைக் கழற்றும்போது பக்கவாட்டில் லேசாக அசைத்து நேராக மேலே இழுங்கள். முறுக்கினால் பின் வளையும், கண்ணாடி விரியும். எது எங்கே இருந்தது என்று தாளில் குறித்து, ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றி முட்டை அட்டையில் நிறுத்தி வையுங்கள். கறுத்த பின்களை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

14. ஐரோப்பிய வால்வின் பெயரே அதன் ஜாதகம். முதல் எழுத்து ஹீட்டரைச் சொல்லும்: 'ஈ' என்றால் 6.3 வோல்ட், 'யூ' என்றால் 100 மில்லி ஆம்பியர், 'டி' என்றால் 1.4 வோல்ட் பேட்டரி வால்வு. அடுத்த எழுத்துகள் வேலையைச் சொல்லும்: 'பி' இரட்டை டயோடு, 'சி' டிரையோடு, 'எஃப்' பென்டோடு, 'எல்' ஒலியைப் பெருக்கித் தரும் அவுட்புட் வால்வு, 'எம்' நிலையம் சரியாகப் பிடிபட்டதை ஒளியால் காட்டும் மேஜிக் ஐ, 'ஒய்', 'இசட்' இரண்டும் ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர். எண் 80-களில் இருந்தால் ஒன்பது பின் அடி. ஆக, ஈஎல் 84 என்றால் 6.3 வோல்ட் ஹீட்டரும் ஒன்பது பின்னும் கொண்ட அவுட்புட் வால்வு.

15. வால்வின் உட்புறத்தில் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிப் பூச்சு இருந்தால் உள்ளே வெற்றிடம் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு இனி உதவாது. மின்னும் பூச்சு இருப்பதாலேயே வால்வு பலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உயிர் இருக்கிறது என்பதற்கான முதல் அடையாளம், அவ்வளவுதான்.

16. ஹீட்டர் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஈஎல் 84, ஈசிஎச் 81, ஈபிஎஃப் 89, ஈஇசட் 80 ஆகிய நான்கிலும் ஹீட்டர் 4, 5-ஆம் பின்களில் இருக்கிறது. மீட்டர் சில ஓம்கள் காட்டினால் நலம். எதுவுமே காட்டவில்லை என்றால் அறுந்துவிட்டது. பின்களைக் கீழ்ப்பக்கமிருந்து பார்த்து, பெரிய இடைவெளியில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் எண்ணுங்கள்.

17. யூ வரிசை செட்களில் எல்லா ஹீட்டரும் பழைய சீரியல் பல்பு சரம்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒரு வால்வு அறுந்தால் ஒன்றுகூட எரியாது. ஆகவே "எல்லா வால்வும் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாமல் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பெரும்பாலும் போயிருப்பது ஒன்றே ஒன்றுதான்.

18. வால்வு வாங்கப் போகும்போது அமெரிக்கப் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். ஈஎல் 84-க்கு 6பிகியூ5, ஈசிஎச் 81-க்கு 6ஏஜே8, ஈபிஎஃப் 89-க்கு 6டிசி8, ஈஏபிசி 80-க்கு 6ஏகே8, ஈஇசட் 80-க்கு 6வி4, ஈஇசட் 81-க்கு 6சிஏ4. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. 'பெல்' முத்திரையுள்ள அந்த வால்வுகள் நம் நாட்டுச் செட்களில் நிறையவே இருக்கின்றன. சரியாக ஓடுகிற வால்வை, புதிது போட்டால் இன்னும் நன்றாக இருக்குமோ என்று மாற்ற வேண்டியதில்லை.

மாற்றியே தீர வேண்டியவை

19. பழைய ரப்பர் ஒயர் விரலால் நசுக்கினால் பொடியாக உதிரும். அதை வெட்டி எறிந்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஏ.சி. செட்டுக்கு மூன்று ஒயர் கேபிள் போட்டு, எர்த்தைச் சேஸிஸில் இறுக்குங்கள். ஐந்து வால்வு செட் சுமார் 40 முதல் 50 வாட்தான் இழுக்கும். 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ புளோ ஃபியூஸ் ஒன்றையும் லைனில் சேருங்கள். ஏ.சி./டி.சி. செட்டின் சேஸிஸிலும், 4-ஆம் குறிப்பின் சோதனையில் தொடர்பு காட்டிய எந்தச் சேஸிஸிலும் எர்த்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

20. பின்பக்கம் 110, 200, 220, 245 என்று வோல்டேஜ் மாற்றும் தட்டு இருந்தால் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இரவில் அதற்கு மேலும் ஏறும். ஆகவே 240 அல்லது 245-இல் வைப்பதே வால்வுகளுக்கு நல்லது.

21. மெழுகு பூசிய, அல்லது கறுப்புத் தார் அடைத்த காகிதக் கண்டன்சர்கள் அத்தனையும் கசிபவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் நல்லது என்று காட்டும். 200 வோல்ட் ஏறியதும் கசியும். 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சர் வாங்கி மாற்றிவிடுங்கள். பழைய 0.02 மைக்ரோஃபாரடுக்கு 0.022, 0.05-க்கு 0.047 போடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற உதிரிபாகக் கடைத் தெருக்களில் இவை எளிதாகக் கிடைக்கும். ஆனால் மைக்கா, செராமிக் கண்டன்சர்களைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் இன்றும் நன்றாகவே இருக்கும்.

22. ஒரே ஒரு கண்டன்சர்தான் மாற்ற முடியும் என்றால் எதை மாற்றுவீர்கள்? அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டன்சரை. பெரும்பாலும் 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட். அது கசிந்தால் கிரிட்டில் பிளஸ் வோல்ட் ஏறும், வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், அதன் பிளேட் சிவக்கும், பிறகு ரெக்டிஃபையர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், பவர் டிரான்ஸ்ஃபார்மர் என்று வரிசையாகப் பலி வாங்கும். என் செட்டைக் கருக்கியது இதுதான்.

23. குழாய் வடிவ அலுமினிய ஃபில்டர் கண்டன்சர்களுக்கும் வயதாகிவிட்டது. புதியது 450 வோல்ட் தாங்க வேண்டும். மைக்ரோஃபாரட் பழைய அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரிதாகப் போட்டால் உறுமல் குறையுமே என்று 100, 200 போடாதீர்கள். ரெக்டிஃபையரை அடுத்த முதல் கண்டன்சர், ஈஇசட் 80, ஈஇசட் 81 வால்வுகளுக்கு 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரெக்டிஃபையருக்கு ஆயுள் குறையும்.

24. புதிய ஃபில்டரைப் பழையதோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவது குறுக்கு வழி. பழையதன் ஒயரை முற்றிலும் கழற்றுங்கள். குழாயை மட்டும் அழகுக்காக அதே இடத்தில் விட்டுவைத்து, புதியதைச் சேஸிஸின் அடியில் மறைவாக வையுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். மைனஸ் முனை சேஸிஸுக்குத்தான் போகிறது என்று ஊகிக்காமல், பழையது போன இடத்துக்கே கொடுங்கள். மின்சார லைனில் குறுக்கே உள்ள கண்டன்சருக்கு எக்ஸ்-2 வகையும், லைனிலிருந்து சேஸிஸுக்குப் போவதற்கு ஒய்-2 வகையும் மட்டுமே போடுங்கள். பற்றவைக்க 40 முதல் 60 வாட் அயர்னும் ரோசின் உள்ள ஈயமும் போதும். தகரக்காரர் பயன்படுத்தும் ஆசிட் பசை நாளடைவில் செம்பை அரித்துவிடும். ரெசிஸ்டர்களை அளக்கும்போது ஒரு சூத்திரம்: குறித்த அளவைவிடக் குறைவாகக் காட்டினால் பக்கத்துப் பாகங்கள் காரணமாக இருக்கலாம். 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டர் கெட்டுவிட்டது.

மின்சாரம் கொடுக்கும் நாள்

25. இப்போதும் நேராகச் சுவர் பிளக்குக்குப் போகாதீர்கள். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு பல்பு ஹோல்டரும் ஒரு பிளக் பாயின்ட்டும் சீரிஸில் இணைந்த பலகை அது. 60 வாட் குண்டு பல்பு போட வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. செட்டில் ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து அந்தச் சுமையைத் தான் வாங்கிக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர் தப்பும்.

26. ஏ.சி. செட்டில் முதல் கட்டமாக ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டுக் கரண்ட் கொடுங்கள். மற்ற வால்வுகள் மங்கலாகச் சிவக்கும், பல்பு மங்கலாகவே இருக்கும். பளீரென்று எரிந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரிலோ அதன் ஒயரிலோ ஷார்ட். நிறுத்திவிடுங்கள். எல்லாம் சரியென்றால் ரெக்டிஃபையரைப் போடுங்கள். பல்பு கொஞ்சம் கூடி, கண்டன்சர்கள் நிரம்பியதும் ஓரளவு தணிய வேண்டும். யூ வரிசை செட்டில் இந்தச் சோதனை நடக்காது. ஒன்றைக் கழற்றினால் எல்லாமே அணைந்துவிடும்.

27. கப்ளிங் கண்டன்சரை இப்போது ஒரு தடவை சரிபாருங்கள். ஈஎல் 84-இன் 2-ஆம் பின்னில் பிளஸ் வோல்ட் இருக்கக் கூடாது. ஒரு வோல்ட் பிளஸ் ஏறினாலும் கண்டன்சரோ வால்வோ சரியில்லை. கேத்தோடு ரெசிஸ்டர் உள்ள செட்களில் 3-ஆம் பின்னில் முழு மின்சாரத்தில் சுமார் 7 வோல்ட் வரும். சீரிஸ் போர்டில் எல்லா அளவுகளும் குறைவாகவே இருக்கும். ஆகவே கடைசி அளவை, எல்லாம் சரியென்று ஆன பிறகு நேர் மின்சாரத்தில் எடுங்கள்.

28. முதல் அரை மணி நேரம் பக்கத்தை விட்டு நகராதீர்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கமாகப் பாருங்கள். ஹீட்டர் ஆரஞ்சாகத் தெரிவது நல்லது. அவுட்புட் வால்வின் கண்ணாடி உட்புறத்தில் லேசான நீலம் தெரிந்தால் பயம் வேண்டாம். உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவந்தாலோ, நடுவில் ஊதா ஒளி நிரம்பினாலோ உடனே அணையுங்கள்.

29. செட்டே நோயைச் சொல்லும். இடைவிடாத உறுமல் என்றால் ஃபில்டர் கண்டன்சர். ஒலி கரகரத்து நசுங்கினால் கப்ளிங் கண்டன்சர் அல்லது அவுட்புட் வால்வு. ஒலியே இல்லாமல் அவுட்புட் வால்வின் உள்ளே இருக்கும் கிரிட் சுருள் சிவந்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அறுந்திருக்கும். ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டுச் செட்டை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

டயலும் ஒலியும் பெட்டியும்

30. வால்யூம் திருப்பும்போது கரகர என்றால், மின்சாரத்தை எடுத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை அதன் சந்துக்குள் அடித்து முப்பது தடவை இருபக்கமும் திருப்புங்கள். பேண்ட் சுவிட்சுக்கும் இதுவேதான். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் விடும் கைவைத்தியம் வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

31. டயல் நூல் அறுந்திருந்தால், முன்பு எடுத்த படத்தைப் பார்த்து எத்தனை சுற்று, எந்தத் திசை என்று முதலில் தாளில் வரைந்துகொள்ளுங்கள். மீன் பிடிக்கும் வழவழப்பான நரம்பு வழுக்கும். பின்னிய நூலே பிடிக்கும். ஸ்பிரிங் பாதி இழுபட்ட நிலையில் முடிச்சுப் போட்டு, முடிச்சில் ஒரு துளி பசை விடுங்கள். கேங் கண்டன்சர் முழுவதும் மூடியிருக்கும்போது முள் டயலின் தாழ்ந்த அலைவரிசை முனையில் நிற்க வேண்டும்.

32. ஐ.எஃப்.டி. எனப்படும் சதுர அலுமினிய டப்பாக்களின் தலையில் திருகு தெரியும். கை துறுதுறுக்கும். தொடாதீர்கள்! தொழிற்சாலையில் கருவி வைத்து 455 அல்லது 470 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குச் சரி செய்த இடம் அது. கருவி இல்லாமல் அரைச் சுற்றுத் திருப்பினாலும் கேட்ட நிலையமும் கேட்காமல் போகும். உலோக ஸ்குரூ டிரைவரை நுழைத்தால் உள்ளிருக்கும் கருந்துண்டு விரிந்து சிக்கிக்கொள்ளும்.

33. ஒலிபெருக்கியின் கோன் கிழிந்திருந்தால், மெல்லிய டிஷ்யூ தாளைக் கிழிசலைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் தோய்த்து இருபுறமும் ஒட்டி ஒரு நாள் உலர விடுங்கள். செல்லோ டேப் அதிரும்போது சலசலக்கும். வேலை முடியும்வரை காந்தத்தின் மேல் தாள் கட்டி வையுங்கள். இரும்புத் தூள் உள்ளே போனால் குரல் கெட்டுவிடும்.

34. கேங் கண்டன்சருக்கு அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் கல்லாகிப் போயிருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒலி கூடும்போது தகடுகளும் அதிர்ந்து, செட் ஊளையிடும்.

35. மரப்பெட்டியை முதலில் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். பலருக்கு அதற்கு மேல் வேலையே இருக்காது. மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோல் எழும்பியிருந்தால், ஊசியில்லாத சிரிஞ்சால் பசையைச் செலுத்தி, தாள் வைத்து, அம்மிக் குழவியைப் பாரம் வைத்துவிடுங்கள். பளபளப்பு முற்றிலும் போயிருந்தால், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்யும் ஃபிரெஞ்ச் பாலிஷ்தான் இதற்குப் பொருத்தம். பெரும்பாலும் மரத்தோல் காகிதம்போல மெலிதாகத்தான் இருக்கும் என்பதால் உப்புத்தாளை அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

36. பேக்லைட் பெட்டியைச் சோப்பு நீரில் துடைத்து, பித்தளை மெருகேற்றும் பசையை மெல்லத் தேய்த்தால் பழைய மினுமினுப்பு திரும்பும். நாப்களைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்க்கலாம். பேக் கவர் தொலைந்திருந்தால் ஹார்ட்போர்டில் வெட்டி, காற்றுத் துளைகள் நிறையப் போட்டு மாட்டுங்கள். பேக் கவர் இல்லாத வால்வு ரேடியோவைக் குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்கவே கூடாது.

பாடத் தொடங்கிய பின்

37. ஏரியல் இல்லாமல் செட்டைக் குறை சொல்லாதீர்கள். அந்நாளில் அறையின் குறுக்கே செம்புக் கம்பி வலைப் பட்டையைக் கட்டியிருப்பார்கள். நீங்களும் 20, 30 அடி உறையிட்ட ஒயரைச் சன்னல் வழியே மாடிக்கு ஏற்றினால் போதும். மின்சாரக் கம்பிக்கு அருகே கட்டாதீர்கள். இடி மின்னல் நாட்களில் ஏரியலையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

38. 'கிர்ர்' என்று ஓயாத இரைச்சல் வந்தால் செட்டைத் திறக்கும் முன் வீட்டைச் சோதியுங்கள். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அந்த செட் பிறந்தபோது இவையெல்லாம் வீட்டில் இல்லை.

39. பழைய டயலில் பெரும்பாலும் மீட்டர் கணக்குதான் இருக்கும். 3,00,000-ஐக் கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வந்துவிடும். சென்னை 720 என்றால் சுமார் 417 மீட்டர், திருச்சி 936 என்றால் சுமார் 320, திருநெல்வேலி 1197 என்றால் சுமார் 251. தொலைவிலுள்ள மத்திய அலை நிலையங்கள் இருட்டிய பிறகுதான் நன்றாக எட்டும். ஆகவே முதல் தேடலை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் பாட்டைக் கேட்க ஆசையிருந்தால், பின்பக்கத்தில் கிராமபோனுக்கென்று உள்ள இரு துளைகளில், பேட்டரியில் ஓடும் புளூடூத் ரிசீவரை இணைக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டில், சேஸிஸ் சோதனை முடிந்த பிறகு மட்டும். ஏ.சி./டி.சி. செட்டில் எதையும் இணைக்காதீர்கள்.

40. சரி செய்த செட்டை மீண்டும் பரணுக்கு அனுப்பாதீர்கள். சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, மேலே துணியோ பூ ஜாடியோ வைக்காமல், வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டுங்கள். அந்தச் சூட்டில் மழைக்கால ஈரம் போகும், ஃபில்டர் கண்டன்சர்களும் சோம்பாமல் இருக்கும். ஆளில்லாத அறையில் ஓடவிடாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு, எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பேக் கவரின் உள்ளே ஒட்டிவிடுங்கள். நாளை உங்கள் பேத்தி அதைத் திறக்கும்போது அந்தத் தாள்தான் அவளுக்கு வழிகாட்டி.

எங்கள் செட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்றி வாங்க மூன்று மாதம் ஆயிற்று. மறுபடி சுவிட்சைப் போட்டபோது டயல் விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. அம்மா மட்டும், "சூடேறட்டும், பொறு" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அரை நிமிஷத்தில், தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல மெல்ல மெல்லக் குரல் ஏறி வந்தது. வால்வு ரேடியோவின் குரல் எப்போதும் அப்படித்தான் வரும். அந்த அரை நிமிஷம் பொறுக்கத் தெரிந்தவர்களால் இந்த நாற்பதையும் செய்ய முடியும்.